பாட்டி வளர்த்த பிள்ளை கிருஷ்ணகிரிக்கு வரும்போது

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கணவருக்குக் குருபரப்பள்ளி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. மே மாதம் கும்பகோணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குடிவருகிறீர்கள். மூத்தவள் பிப்ரவரியில் மூன்று வயது முடித்தவள். பிறந்ததிலிருந்து பாட்டியின் கையில் வளர்ந்தவள். இளையவனுக்கு எட்டு மாதம். வீடு எங்கே பார்ப்பது, எந்தப் பள்ளி, ஜூனிலேயே சேர்த்துவிடலாமா, அழுதால் திரும்ப அழைத்து வந்துவிடலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

நானும் உங்கள் பக்கத்துக்காரிதான். 1991இல் திருமணமாகி நன்னிலம் பக்கத்திலிருந்து இங்கே வந்தேன். அப்போது கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஊர். தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9ஆம் தேதி. அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வுபெற்றேன். முதல் நாள் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. அதனால் உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை அதைப் பொறுத்தே அமையும்.

ஜூனில் சேர்க்க வேண்டாம்.

உங்கள் மகள் இழக்கப்போவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். வீடு, தெரு, பேச்சுத்துணை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டி. அம்மாவின் மடியில் ஏற்கெனவே தம்பி உட்கார்ந்திருக்கிறான். இவ்வளவும் மே மாதத்தில். அதன் தலையில் ஜூன் முதல் வாரம் ஒரு புதுக் கட்டடம், முப்பது புது முகம், புரியாத சில சொற்கள். பெரியவர்கள் நாமே இந்த வரிசையில் தடுமாறிவிடுவோம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலையின் நெருக்கடியில் என் மகளை மூன்று வயது வரை நன்னிலத்தில் என் அம்மாவிடம் விட்டிருந்தேன். 1996இல் அழைத்து வந்த நான்காம் நாளே ஒரு நர்சரியில் சேர்த்தேன். அவள் அழவே இல்லை. 'உங்கள் பெண் மாதிரி சமர்த்துப் பிள்ளையைப் பார்த்ததில்லை' என்று அந்த டீச்சர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு வாரத்தில் வீட்டில் பேச்சு குறைந்தது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்தது. ஒரு வருடமாகப் படுக்கையை நனைக்காதவள் மீண்டும் நனைக்கத் தொடங்கினாள். அழாததைப் பழகிவிட்டதாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் யாரிடம் அழுவது என்று தெரியாமல் இருந்திருக்கிறாள். பத்து வாரம் நிறுத்தி, வீட்டில் வைத்திருந்து, மறுபடி தொடங்கினோம். அவளுக்கு இப்போது அன்றைய அவள் வயதில் ஒரு பெண் இருக்கிறாள். ஆனாலும் அந்தப் பத்து வாரம் எனக்கு மறக்கவில்லை.

வருடம் வீணாகிவிடுமே என்று கேட்பீர்கள். வீணாகாது. எல்கேஜிக்கு ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்பது இங்கே கணக்கு. உங்கள் மகள் இந்த ஆண்டே தகுதி பெறுகிறாள்தான். ஆனால் வகுப்பிலேயே சின்னவர்களில் ஒருத்தியாக இருப்பாள். இப்போது சேர்த்தால் ஐந்தே கால் வயதில் முதல் வகுப்பு. மாநிலப் பாடத்திட்டத்தில் அது நடக்கும். கேந்திரிய வித்யாலயாவில் முதல் வகுப்புக்கு மார்ச் 31 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். தொழிற்சாலை வேலை; நாளை வேறு ஊருக்கு, வேறு பாடத்திட்டத்துக்குப் போக நேரலாம். அடுத்த ஆண்டு எல்கேஜி என்று வைத்தால் ஆறு வயது தாண்டி முதல் வகுப்பு. எங்கே போனாலும் பொருந்தும். அவ்வளவு காலம் வேண்டாம் என்றால் விஜயதசமி இருக்கிறது. அன்று பல பள்ளிகளும் மழலையரைச் சேர்க்கின்றன. மேயில் வந்து விஜயதசமிக்குச் சேர்த்தால் நடுவில் நான்கைந்து மாதம் கிடைக்கிறது. உங்கள் மகளுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

அந்த மாதங்களை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் முக்கியம். பாட்டியை முதலிலேயே உடன் அழைத்து வாருங்கள். பல வீடுகளில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வாரத்தில் பாட்டியை வரவழைத்துவிட்டு, அந்த மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைக்கு அது இரட்டை அடி. பள்ளிக்குப் போனதால்தான் பாட்டி போய்விட்டாள் என்று அதன் மனம் முடிச்சுப் போட்டுவிடும். நீங்கள் சாமான் இறக்கும் நாளில் பாட்டி இருக்கட்டும். புது அடுப்பில் அவர் கையால் சோறு பொங்கட்டும், புதுத் தெருவில் அவர் விரலைப் பிடித்து நடக்கட்டும். மூன்று வாரம் கழித்துச் சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். தூங்கும்போது கிளம்பிப் போவது வேண்டவே வேண்டாம். மகளும் பஸ் ஏற்றிவிட வரட்டும், அழட்டும். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது என்பதைப் பாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சேலம் வரை ரயிலில் வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். வயதானவருக்கு இரவு பஸ்ஸைவிட அது பரவாயில்லை.

பாட்டி போன பிறகு வீடியோ அழைப்பு இருக்கட்டும், ஆனால் படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். பகலில், பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பேசட்டும். 'எப்போ வருவ' என்ற கேள்விக்கு 'நாளைக்கே' என்ற பதிலைப் பாட்டி சொல்லக் கூடாது. தேதி சொல்லலாம், திருநாள் சொல்லலாம். ஆடி பதினெட்டுக்கு என்று சொன்னால் அன்று வந்தாக வேண்டும். காவிரிக்கரைப் பிள்ளைக்கு ஆடிப்பெருக்கு இல்லாமல் எப்படி? இங்கே தென்பெண்ணையில் கே.ஆர்.பி. அணை இருக்கிறது. அணைப் பூங்காவுக்குப் போய்ச் சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சேலம் சாலையில் அவதானப்பட்டி ஏரிக்கரையிலும் சிறுவர் பூங்காவும் படகும் உண்டு. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்துப் போங்கள். 'நம்ம ஏரி' என்று பிள்ளை எதையாவது சொல்ல ஆரம்பித்துவிட்டால் ஊர் பிடித்துவிட்டது என்று பொருள்.

இந்த இடைக்காலத்துக்கு நான் சொல்வது பால்வாடி. முகம் சுளிக்காமல் கேளுங்கள். மாதச் சம்பளம் வாங்கும் வீடுகளில் அங்கன்வாடி என்றாலே ஏழைப்பிள்ளைகளின் இடம் என்ற எண்ணம் இருக்கிறது. நாற்பதாயிரம் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளையும், கல்லுடைக்கும் தொழிலாளி பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து பாடியதை நான் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் அதனால் நன்மையே கிடைத்தது. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2ஆம் தேதி. இன்று ஆறு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் அதன் பிள்ளைகள்தான். வாடகை வீட்டுக்காரர்களும் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் இல்லை. சேர்க்கைக்குக் குறிப்பிட்ட மாதமும் இல்லை. மதியம் சூடான சோறும் முட்டையும் உண்டு. மாதாமாதம் எடை பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். ஆறு மாதம் தாண்டிவிட்டதால் உங்கள் இளையவனுக்கும் சத்துமாவு கிடைக்கும். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளும் தொடங்கப்பட்டன. உங்கள் வீட்டுக்கு அருகில் அப்படி ஒன்று இருந்தால் போய்ப் பாருங்கள்.

எல்லா மையமும் நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். மேற்பார்வையாளராக இருந்தவள் நான். ஓட்டை விழுந்த கூரையையும் பார்த்திருக்கிறேன், பூட்டிக்கிடந்த கதவையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பணியாளரும் உதவியாளரும் எப்படிப்பட்டவர்கள் என்பதைப் பொறுத்தே மையம் இருக்கும். நல்ல டீச்சரும் ஆயாவும் அமைந்த மையம் என்றால், முதல் வாரம் நீங்களும் இளையவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் உடன் உட்காருங்கள். பிறகு வாசலில் இருங்கள். பிறகு 'கடைக்குப் போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் சொன்னபடி திரும்புங்கள். பெரிய பள்ளியில் இதற்கு இடம் தரமாட்டார்கள், இங்கே தருவார்கள். அம்மா போனால் திரும்பி வருவாள் என்ற பாடத்தைத்தான் அவள் முதலில் படிக்க வேண்டும். அகரம் பிறகு வரட்டும்.

இனி வீடு. கணவரின் வேலைக்குப் பக்கமாகப் பார்க்கத் தோன்றும். அவர் பெங்களூரு நெடுஞ்சாலையில் போய்வர வேண்டியவர். பெரும்பாலும் கம்பெனி பஸ் வரும். பஸ் நிற்கும் இடத்துக்கு அவர் நடந்துகொள்ளட்டும். வீட்டை உங்கள் கால் கணக்கில் பாருங்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று நீங்கள் தனியாகப் பத்து நிமிடம் நடந்தால் பால்வாடியோ மழலையர் பள்ளியோ, மருந்துக்கடை, மளிகை மூன்றும் இருக்க வேண்டும். நடுவில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். இந்த ஊர் சாலைகள் கூடும் இடம். சேலம், பெங்களூரு, சென்னை, திருவண்ணாமலை என்று நாலா பக்கமும் போகும் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஊருக்குள் இருக்கும் பழைய தெருக்களில் வீடு பழசாக இருந்தாலும் அக்கம்பக்கம் இருக்கும். புறநகர்ப் புது மனைகளில் வீடு பளபளப்பாக இருக்கும். பகலில் கூப்பிட்டால் குரல் கொடுக்க ஆள் இருக்காது. கணவர் ஷிப்ட் வேலைக்காரர், நீங்கள் இரண்டு குழந்தையுடன் இரவில் தனியாக இருக்கப்போகிறவர். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டை மே மாத மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். இங்கே எல்லாம் பாறை. பகலில் வாங்கிய சூட்டை இரவு வரை விடாது.

வீட்டுக்காரரிடம் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைக் கேளுங்கள். காவிரித் தண்ணீர் வருகிறதா, போர் தண்ணீரா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பூமிக்கடியில் உள்ள கடினப்பாறையில் புளுரைடு கலந்த தாதுக்கள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு இறங்க இறங்க அந்தப் பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை புளுரைடு ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் தெரியும். வெள்ளைத் திட்டு, பிறகு பழுப்புக் கோடு. இன்னும் அதிகமானால் எலும்பையும் பிடிக்கும். நிலைப்பற்களின் பூச்சு, பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை ஈறுக்குள்ளேயே உருவாகிறது. உங்கள் இரண்டு பிள்ளைகளும் சரியாக அந்த வயதில் இருக்கிறார்கள். என் மகன் 1998இல் பிறந்தவன். ஊருக்கு வெளியே குடியிருந்த வீட்டில் போர் தண்ணீர்தான். அவனுடைய முன்பற்களில் இன்றும் பழுப்புக் கோடு இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் வரை வாயைப் பொத்தித்தான் சிரிப்பான்.

நான் அப்போது செய்த தவறு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளுரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இந்தப் புளுரைடு பாதிப்பைக் குறைப்பதற்கென்றே ஜப்பான் நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் பாக்கியசாலிகள். ஆனால் குழாயில் காவிரித் தண்ணீர் நாள்விட்டு நாள் வரும் தெருக்களில், இடைப்பட்ட நாளுக்குப் போர் தண்ணீரைத் தொட்டியில் கலந்துவிடுகிற வீடுகள் உண்டு. அதனால் குடிக்கவும், சமைக்கவும், இளையவனின் கஞ்சிக்கும் காவிரித் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். அது கிடைக்காத வீடு என்றால் ஆர்.ஓ. கருவி புளுரைடைப் பெரும்பகுதி நீக்கிவிடும். சோற்றுக்கு ஊற்றும் தண்ணீரும் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். குடிக்க மட்டும் கேன் வாங்கிவிட்டுக் குழம்புக்குப் போர் தண்ணீரை ஊற்றும் வீடுகளே அதிகம். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். பற்பசையை மகளுக்குப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்காதீர்கள், துப்பப் பழக்குங்கள். பால்வாடியிலும் பள்ளியிலும் குடிதண்ணீர் எது என்று கேளுங்கள். இந்த மாவட்டத்தில் பெற்றோர் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான்.

பள்ளிக்கு வருகிறேன். பெயர் கேட்டிருந்தீர்கள். பெயர் சொல்லமாட்டேன், ஒரே பள்ளியில் ஒரு வகுப்பு சொர்க்கமாகவும் பக்கத்து வகுப்பு வேறாகவும் இருப்பதைப் பார்த்தவள். எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். சேர்க்கைக் காலத்தில் போகாதீர்கள். அப்போது எல்லாப் பள்ளியும் பலூன் கட்டியிருக்கும். ஜூலையில் ஒரு சாதாரண நாள், காலை பதினொரு மணிக்குப் போங்கள். முதலில் காதைக் கொடுங்கள். பிள்ளைகளின் சத்தம் கேட்டால் நல்லது, டீச்சரின் சத்தம் மட்டும் கேட்டால் யோசியுங்கள், இரண்டுமே கேட்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு கழிப்பறை. பிள்ளை தானே உட்காரக்கூடிய உயரமா, கதவு உள்ளே தாழ் போட்டுக்கொள்ளுமா, கூட யார் போகிறார்கள்? கழிப்பறை பிடிக்காமல் காலை முதல் மதியம் வரை அடக்கிக்கொண்டு வந்து, நீர்த்தாரைத் தொற்றும் மலச்சிக்கலுமாக அவதிப்பட்ட பெண் குழந்தைகள் எத்தனையோ பேர்.

அடுத்து, ஆயாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'பிள்ளை துணியில் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?' முதல்வரிடம் கேட்டால் பாடமாகப் பதில் வரும். ஆயாவின் முகத்தில் உண்மை தெரியும். டீச்சர்களில் போன வருடமும் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். வருடத்துக்கு மூன்று டீச்சர் மாறும் வகுப்பில் மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரைப் பிடித்துக்கொள்வது என்றே தெரியாது.

நீங்கள் கும்பகோணத்துக்காரர், 2004 ஜூலை 16ஆம் தேதியை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கொட்டகைக்குத் தாவியதில் 94 பிள்ளைகள் போனார்கள். அந்த வாரம் இங்கே ஒவ்வொரு மையமாகப் போய் அடுப்புக்கும் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தோம். இன்றும் எந்தப் பள்ளிக்குள் போனாலும் என் கண் முதலில் வெளியேறும் வழியைத் தேடும். மழலையர் வகுப்பு தரைத்தளத்தில் இருக்க வேண்டும். மாடியில், ஒரே குறுகிய படிக்கட்டோடு இருந்தால் எவ்வளவு பெயர்பெற்ற பள்ளியாக இருந்தாலும் வேண்டாம். விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று தமிழ்நாடு அரசு 2015இல் விதித்தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. கேட்டதற்கு முகம் மாறினால் அதுவே பதில்.

மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கும் இடம் வேண்டாம். அந்த விரல்கள் களிமண் பிசையவும், மணி கோக்கவும், மண்ணில் கோடு இழுக்கவும்தான் தயாராக இருக்கின்றன. வேனும் வேண்டாம். பள்ளி வாகனத்தில் உதவியாளர் கட்டாயம் என்று 2012இலேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் ஊரெல்லாம் சுற்றி வரும் வேனில் முக்கால் மணி நேரம் தூங்கிவழிந்து வரும் மூன்று வயதுப் பிள்ளையைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நடக்கும் தூரத்தில் உள்ள சுமாரான பள்ளி, தொலைவில் உள்ள சிறந்த பள்ளியைவிட இந்த வயதுக்கு நல்லது.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்புச் சான்றிதழில் பிள்ளைகள் இருவர் பெயரும் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். இளையவனின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அவகாசம் நான்கு மாதமே இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். மகளுக்கு ஐந்து வயதானதும் ஆதாரில் கைரேகை பதிய வேண்டும். ரேஷன் அட்டையின் முகவரியை மாற்றும் வரை இங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளி எல்கேஜிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு இங்குள்ள முகவரிக்குச் சான்று வேண்டும்.

தடுப்பூசி அட்டையை மட்டும் சாமான் மூட்டையில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வந்த மாதத்திலேயே இளையவனுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. தட்டம்மை–ரூபெல்லா முதல் தவணை, நிமோனியா தடுப்பூசியின் பூஸ்டர், வைட்டமின் ஏ எல்லாம் அப்போதுதான். புதன்கிழமைகளில் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் போடுவார்கள். கிராம சுகாதார செவிலியரின் எண்ணை அங்கேயே வாங்கி வையுங்கள். காய்ச்சல் வந்த இரவில் மருத்துவரைத் தேடாதீர்கள். நல்லாயிருக்கும் நாளிலேயே ஒரு குழந்தை மருத்துவரைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில் இருக்கிறது. எப்படிப் போவது என்று ஒருமுறை பகலில் போய்ப் பார்த்துவிடுங்கள். பள்ளியின் முதல் வருடம் சளி மாறி மாறி வரும். அது இளையவனுக்கும் தொற்றும். அதற்காகப் பள்ளியை மாற்றாதீர்கள்.

சாப்பாட்டில் அவளுக்குப் புதுமை காத்திருக்கிறது. இங்கே பிள்ளைகள் கேழ்வரகுக் களியை உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்குவார்கள். முதல் முறை பார்த்தபோது நான் விழித்துக்கொண்டு நின்றேன். இன்று எனக்குக் களி இல்லாத வாரம் இல்லை. ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து காய்ச்சிய கேழ்வரகுக் கூழை இளையவனுக்கு இப்போதே கொடுக்கலாம். மே, ஜூன் மாங்காய்க் காலம். சாலையோரமெல்லாம் மாம்பழம் குவிந்திருக்கும். நன்றாகக் கழுவி, தண்ணீரில் சற்று நேரம் போட்டுவைத்துக் கொடுங்கள்.

மொழியைப் பற்றியும் கவலைப்பட்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் உருது, கடையில் கன்னடம் கலந்த தமிழ் என்று கேட்கும். மூன்று வயதுக் காது அத்தனையும் தாங்கும். வீட்டில் நீங்கள் உங்கள் கும்பகோணத் தமிழையே பேசுங்கள். பள்ளிக்காக ஆங்கிலத்துக்கு மாறி அவளுடைய ஒரே பழைய துணையையும் பறித்துவிடாதீர்கள். ஆனால் ஒன்று: சிறுநீர், மலம், பசி, வலி இந்த நான்குக்கும் உங்கள் வீட்டில் என்ன சொல் சொல்கிறீர்கள் என்று எழுதி டீச்சரிடமும் ஆயாவிடமும் கொடுங்கள். பாட்டி வீட்டுச் செல்லச் சொல் இங்கே யாருக்கும் புரியாமல், கேட்டுக் கேட்டுப் பார்த்துத் துணியை நனைத்துவிட்டு வெட்கப்பட்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஊர்ப் பெயர்கள் பல 'பள்ளி' என்று முடியும். குருபரப்பள்ளி, போலுப்பள்ளி, காட்டிநாயனப்பள்ளி. பஸ்ஸில் பெயர்ப்பலகையை வாசித்துக்காட்டியபோது என் மகள், 'இவ்வளவு பள்ளிக்கும் நான் போகணுமா?' என்று பயந்துபோய்க் கேட்டாள். அந்தப் பயம் உங்கள் மகளுக்கும் வரலாம். குடியிருப்புக்கு அப்படி ஒரு பெயர் என்று சொல்லிக்கொடுங்கள். பூச்சாண்டி, போலீஸ் வரிசையில் டீச்சரையும் சேர்த்து மிரட்டுவதை இன்றோடு வீட்டில் எல்லோரும் நிறுத்திவிடுங்கள்.

இனி நான்காவது கேள்வி. அழுதால் திரும்ப அழைத்து வரலாமா?

வாசலில் அழுவது நல்ல அழுகை. உங்களை நம்பித்தான் அழுகிறாள். முதல் பத்து நாள் அது இருக்கும். பெரும்பாலும் இரண்டாம் வாரம் முதல் வாரத்தைவிட மோசமாக இருக்கும், ஏனென்றால் இது ஒருநாள் கூத்து அல்ல, தினமும் உண்டு என்று அப்போதுதான் அவளுக்குப் புரியும். ஒளிந்து ஓடாதீர்கள். ஒரே மாதிரி விடைபெறுங்கள்: ஒரு முத்தம், ஒரு வாக்கியம், 'சோறு சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வாசல்ல நிப்பேன்.' மணி அவளுக்குத் தெரியாது, சோறு தெரியும். சொன்னதற்கு ஐந்து நிமிடம் முன்னால் நில்லுங்கள். திரும்பித் திரும்பிப் பார்க்காமல் நடங்கள். கணவருக்கு இரவு ஷிப்ட் முடிந்து வரும் வாரங்களில் அவரே கொண்டுபோய் விடட்டும். அப்பாவிடம் அவ்வளவு அழுகை வராது. பாட்டியின் பழைய புடவையில் ஒரு துண்டைக் கிழித்துப் பையில் வைத்தனுப்புங்கள். டீச்சர் சம்மதிப்பார், சம்மதிக்காவிட்டால் அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துவிடும்.

தினமும் மாலையில் டீச்சரிடம் 'அழுதாளா' என்று கேட்காமல், 'நான் போன பிறகு எத்தனை நிமிடம் அழுதாள், சாப்பிட்டாளா, ஒன்றுக்குப் போனாளா' என்று மூன்றை மட்டும் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். முப்பது நிமிடம் இருபதாகி, பத்தாகிக் குறைந்துவந்தால், வாசலில் எவ்வளவு கதறினாலும் அழைத்துவர வேண்டாம். மூன்றாம் வாரமும் எண் குறையவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சிறுநீரை அடக்குகிறாள், இரவில் அலறி எழுகிறாள், அல்லது என் மகளைப் போல அழாமலே பேச்சு குறைந்துவிட்டது என்றால் அன்றே நிறுத்திவிடுங்கள். கட்டிய பணத்தைப் பார்க்காதீர்கள். உடம்பிலோ பயத்திலோ புதிதாக எதுவும் தெரிகிறதா என்று கவனித்து, அப்படி இருந்தால் டீச்சரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. ஒன்றும் இல்லை, பழகத்தான் இல்லை என்றால், ஒரு மாதம் கழித்து மறுபடியும் பால்வாடிப் பாயில் ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்குங்கள்.